பாலாற்றுத் தென்கரையின் சமணக் குன்றுகள்

பாலாற்றுக்குத் தெற்கே ஆற்காடு, கலவை, ஆரணி என்று விரியும் நிலம் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கி.மீ. கடந்து வாயலூரில் கடல் சேரும் பாலாறு, ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணல். மணலுக்கு அடியில் நீரோட்டம் உண்டு. படுகையில் ஊற்றுக்கால் தோண்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோவது இங்குள்ள பழைய பாசன முறை. தோல் பதனிடுவதில் ஆவாரம்பட்டையின் இடத்தைக் குரோமியம் பிடித்தபின் அந்த நீருக்குக் கேடு பெருகியது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கடுமையான தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவுக் குவியல் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடந்தது.

ஆற்றை விட்டு விலகினால் சமவெளியில் தனித்தனியே நிற்கும் பாறைக் குன்றுகள். இவற்றில் பலவற்றில் சமண முனிவர்கள் தங்கினார்கள். ஆற்காட்டுக்குத் தென்மேற்கே விளாப்பாக்கத்தை ஒட்டிய குன்றுக்கு இன்று பஞ்சபாண்டவர் மலை என்று பெயர். வெட்டியவர் யார் என்பது மறந்துபோன குகையைப் பாண்டவர் கணக்கில் எழுதிவிடுவது நாடெங்கும் உள்ள வழக்கம். கல்வெட்டில் இது திருப்பான்மலை. இங்கே நந்திவர்ம பல்லவனின் 50ஆம் ஆட்சியாண்டில் நாகநந்தி என்னும் குருவோடு பொன்னியக்கியார் என்னும் இயக்கியின் உருவத்தை நாரணன் என்பவர் செதுக்குவித்தார்.

அதைவிடச் சுவையானது முதலாம் இராசராசனின் 8ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கூரகன்பாடி இந்த மலைக் கடவுளுக்குரிய பள்ளிச்சந்தம், அதாவது சமணப் பள்ளிக்கு விடப்பட்ட ஊர். அதன் வருவாயிலிருந்து, சோழருக்குக் கீழ்ப்பட்ட இலாட அரசர்கள் ‘கர்ப்பூர விலை’ என்றொரு வரியைத் தண்டிவந்தார்கள். கடல் கடந்து வந்த விலைமிக்க சரக்கு கற்பூரம். அதன் பெயரால் ஒரு சிற்றூரின் தலையில் வரி. அறம் கெடுகிறது என்று இலாட மகாதேவி முறையிட, அவள் கணவனான இலாட அரசன் வீரசோழன் அந்த வரியை விட்டுக்கொடுத்தான். தன் குடும்பத்தார் வாங்கிய வரி தவறு என்று ஓர் அரசன் கல்லில் ஒப்புக்கொள்வது அபூர்வம். மன்னர் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யவைக்கும் பாடநூல்களில் இந்த அரசிக்கு இரண்டு வரி ஒதுக்கலாம்.

போளூர்ப் பக்கத்துத் திருமலையில் குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயிலும், பாறையில் செதுக்கிய சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதரும் உண்டு. ஆரணி, வந்தவாசி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

கலவையின் பெருமை வேறு வகை. காஞ்சி மடத்தின் 66, 67ஆம் ஆச்சாரியர்கள் 1907இல் அடுத்தடுத்து மறைந்தது இவ்வூரில்தான். 12 வயதுச் சிறுவர் ஒருவர் அந்த ஆண்டு பிப்ரவரியில் இங்கேயே துறவு ஏற்று 68ஆம் பீடாதிபதி ஆனார்.

ஆம்பூர் பிரியாணிக்கு வண்டி நிறுத்துவோரில் மிகச் சிலரே இந்தக் குன்றுகளுக்குத் திரும்புகிறார்கள். பார்க்க ஏற்ற மாதங்கள் மார்கழி முதல் மாசி வரை. பங்குனி பிறந்தால் காலை பத்து மணிக்கே பாறை சுடும். விளாப்பாக்கத்துக்கு ஆற்காட்டிலிருந்து போவது எளிது. திருமலைக்கு ஆரணி அல்லது போளூர் வழி.