கடலடியில் 170 ஆண்டு, அலமாரியில் ஒரு கோடை

2010 ஜூலையில், பின்லாந்தின் ஓலந்து தீவுகளுக்கு அருகே, பால்டிக் கடலில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடந்த ஒரு பழைய பாய்மரக் கப்பலுக்குள் மூழ்காளர்கள் இறங்கினார்கள். உள்ளே 168 ஷாம்பேன் பாட்டில்கள் இருந்தன. லேபிள்கள் எப்போதோ கரைந்துவிட்டன. தக்கையின் அடியில் சூடுபோட்டிருந்த முத்திரையை வைத்துத்தான் வோவ் கிளிக்கோ, ஹைட்சிக், ஜூக்லார் என்று தயாரிப்பாளர்களின் பெயர் தெரிந்தது. வயது ஏறக்குறைய 170 ஆண்டு.

பிரான்சின் ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்து பிலிப் ஜாந்தேயும் குழுவினரும் அந்த ஷாம்பேனைப் பகுப்பாய்வு செய்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை. இன்றைய இனிப்புக் குறைந்த ‘ப்ரூட்’ வகையில் 12 கிராமைத் தாண்டாது. அன்றைய ஆட்கள் அப்படி இனிப்புக் குடித்திருக்கிறார்கள்! முதல் மோப்பத்தில் ஈர முடியின் வாடை. கிண்ணத்தில் சுழற்றிக் காற்றாட விட்டதும் புகை, மசாலா, தோல் வாசனைகள் எழுந்தன. குமிழி பெரும்பாலும் போயிருந்தது. ஆனால் காடியாகப் புளிக்கவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. கடலடியில் வெப்பம் 2 முதல் 4 டிகிரிதான், வெளிச்சமும் எட்டாது. அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம், ஷாம்பேனின் வாயு உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஈடாக இருந்ததால் தக்கைக்கும் பெரிய சிரமம் இல்லை.

மூடிய பாட்டிலுக்குள் ஒயின் சும்மா இருப்பதில்லை. தக்கை வழியாகச் சொற்ப ஆக்சிஜன் கசிந்துகொண்டே இருக்கும். அமிலமும் ஆல்கஹாலும் நிறமிகளும் ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி இருக்கும். இந்த வினைகளின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பம். 12, 13 டிகிரியில் நிதானமாக நடப்பது, 30 டிகிரியில் தறிகெட்டு ஓடும். பழ மணம் முதலில் போகும். நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் போல வெள்ளை ஒயின் பழுப்பேறும். ஷாம்பேன்காரர்கள் ரெய்ம்ஸ் நகரத்துக்கு அடியில் உள்ள பழைய சுண்ணக்கல் குழிகளைப் பாதாள அறைகளாக வைத்திருப்பது அழகுக்காக அல்ல. அங்கே வருடம் முழுக்க 10, 12 டிகிரி மாறாமல் நிற்கிறது.

மாறாமல் என்பதுதான் முக்கியம். சூடேறினால் ஒயின் விரிந்து தக்கையை வெளியே தள்ளும்; குளிர்ந்தால் சுருங்கி, தக்கை ஓரமாகக் காற்றை உள்ளே இழுக்கும். பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால் இதே கூத்து தினமும் நடக்கும். தக்கை விளிம்புக்கு மேல் துருத்தி நின்றாலோ, மேலுறைக்குக் கீழே பிசுபிசுப்பாகக் கசிவுத் தடம் இருந்தாலோ அந்த பாட்டில் வெயில் கண்டது என்று சந்தேகிக்கலாம்.

வெளிச்சத்தின் சேட்டை வேறு. ஒயினில் உள்ள ரைபோபிளேவின், அதாவது வைட்டமின் பி2, புற ஊதா மற்றும் நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு கந்தகம் உள்ள அமினோ அமிலத்தைச் சிதைக்கும். விளைவு, வெந்த முட்டைக்கோஸ் நாற்றம். நிறமற்ற கண்ணாடி என்றால் கடைக் குழல்விளக்கின் கீழ் சில மணி நேரமே போதும். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக 1876இல் உருவான ‘கிறிஸ்டல்’ ஷாம்பேன் இன்றும் நிறமற்ற பாட்டிலில்தான் வருகிறது; அதனால்தான் அதற்கு மஞ்சள் நிறச் செலோஃபேன் சட்டை மாட்டுகிறார்கள்.

சூட்டுக்கு அஞ்சாத ஒன்றும் உண்டு: போர்ச்சுகலின் மடேரா தீவு ஒயின். வெப்பமண்டலக் கடல்களைக் கப்பலில் கடந்து வந்த பீப்பாய்களின் ருசி கூடியிருந்ததைக் கண்டு, பிறகு தீவிலேயே ஒயினைச் சூடேற்றத் தொடங்கினார்கள். இப்போது 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது 3 மாதம் வைக்கும் முறை ஒன்று உண்டு. கெட வேண்டியதை முன்கூட்டியே கெடுத்துவிட்டதால் அது எதையும் தாங்கும். மற்ற ஒயின்களை அந்தச் சோதனைக்கு ஆளாக்க வேண்டாம்.

படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா என்று பெரிய விவாதமே நடக்கும். தக்கை உலராதிருக்கப் படுக்க வைப்பது வழக்கம். திருகு மூடிக்கு அந்தக் கவலையே இல்லை. பரிசாக வந்த பாட்டிலைக் கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைப்பதும், சூடு தள்ளும் ஃபிரிட்ஜின் தலைமேல் வைப்பதும்தான் உண்மையான தவறு. அதைவிட ஃபிரிட்ஜுக்குள் சில மாதம் கிடப்பது எவ்வளவோ மேல். விற்பனையாகும் ஒயின்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுக்குள் குடித்து முடிப்பதற்காகவே தயாராகின்றன. குளிர்ந்த இருட்டறை இல்லாத வீட்டில், பழசானால் ருசி கூடும் என்று நம்பிச் சேர்த்து வைக்காதீர்கள்.