காவடிக்கு முன் காலைப் பாருங்கள்

கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த வீட்டில் அன்றைக்கே ஒரு வேண்டுதலும் வைத்துவிடுவார்கள். நல்லபடியாக முடிந்தால் வருகிற தைப்பூசத்துக்குப் பால்குடம். பிள்ளைக்கு என்றால் மொட்டை. 1892 முதல் தைப்பூசம் நடக்கும் பத்துமலையில் ஏறும் காவடிகளில், நோய் தீர்ந்ததற்கான நேர்த்திக்கடன் எத்தனையோ. வார்டில் படுத்திருப்பவருக்கு அந்த வேண்டுதல் கொடுக்கும் தெம்பை மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

ஆனால் நன்றி சொல்லப் போன காலே பறிபோனால்?

2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். வெறுங்காலோடு படியேறும் கூட்டத்தில் இவர்களும் இருக்கிறார்கள்.

ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் பத்துமலைக்குப் புறப்படுகிறது. சுமார் 15 கிலோமீட்டர் அதன் பின்னாலேயே நடப்பவர்கள் உண்டு. விடிந்து வெயில் ஏறினால் தார் கொதிக்கும். பிறகு 272 படி. பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் பாத நரம்பு மரத்துப்போகும். சூடும் தெரியாது, கல் குத்துவதும் தெரியாது. வலிக்கவில்லை என்பதை முருகன் அருள் என்று எடுத்துக்கொள்கிறோம். சில நாள் கழித்துக் கொப்புளம் புண்ணாகி, சீழ் பிடித்து, விரலை எடுக்கலாமா, முழங்காலுக்குக் கீழே எடுக்கலாமா என்ற பேச்சு வரும்.

தைப்பூசத்துக்கு முந்தைய விரதமும் அப்படித்தான். ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்துகொண்டு மாத்திரையையும் ஊசியையும் வழக்கம்போலப் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பயந்து மருந்தை நிறுத்தினால் ஏறிவிடும். ரமலானுக்கு முன்பு நோன்பு இருக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று சொல்ல மலேசிய மருத்துவர்களிடம் தனி வழிகாட்டியே இருக்கிறது. நோயாளிக்கு விலக்கு உண்டு என்று மார்க்கமும் சொல்கிறது. நம் 48 நாள் விரதத்தைப் பற்றி கிளினிக்கில் கேட்பவர் அரிது. திட்டுவார்களோ என்று நம்மவர்களும் வாய் திறப்பதில்லை.

பக்திக்குள் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கட்டும். காவடி எடுப்பதா வேண்டாமா என்பதை அவர் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் காலோடு எடுக்கிறோம் என்பதை அவர் பார்த்தாக வேண்டும்.

அதனால் மாலை போடுவதற்கு முந்தைய செக்கப்பிலேயே விரதத்தைச் சொல்லிவிடுங்கள். பாதத்தைக் காட்டுங்கள். பால்குடப் பதிவு நடக்கும் கோயில்களில் பாதப் பரிசோதனைக்கும் ஒரு மேசை போடலாம். புண் உள்ளவரிடம் “செருப்பு போட்டுக்கொண்டு அடிவாரம் வரை வாருங்கள், இந்த வருஷம் காவடியை மகன் எடுக்கட்டும்” என்று குருக்கள் சொன்னால் மறுபேச்சு இருக்காது. அதையே டாக்டர் சொன்னால் வீட்டில் பெரிய விவாதமே நடக்கும்.