ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள்

பணியின் நிமித்தம் மைசூரு வந்து குடியேறிய எனக்கு மக்கள் மூவர். மூவரும் வீட்டில் தமிழ் பேசுவர். தமக்குள் சண்டையிடும்போது மட்டும் கன்னடத்துக்குத் தாவிவிடுவர். பேச்சு இருக்கையில் எழுத்து தானே வந்து சேரும் என்று வாளாவிருந்தேன். மொழிபெயர்ப்பாளன் வீட்டில் மொழிக்கு என்ன பஞ்சம் என்ற செருக்கும் சிறிது இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தாயாருக்குச் செவி மந்தமாயிற்று. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் வாழும் அவர், தொலைபேசியை ஒதுக்கிவிட்டு அஞ்சலட்டையில் எழுதத் தொடங்கினார். முதல் அட்டை என் மூத்த மகளின் பெயருக்கே வந்தது. அப்பொழுது அவளுக்கு வயது 13. அட்டையைச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, "அப்பா, பாட்டி எனக்கு என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். பேத்திக்கென்று எழுதியதை நான் இடையில் நின்று படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிரவே வீட்டில் தமிழ் வகுப்பு என்று முடிவாயிற்று.

முடிவு செய்வது எளிது, நடத்துவதில்தான் இடர்ப்பாடு. நடுப்பிள்ளைக்கு 9 வயது, கடைக்குட்டிக்கு 5. ஆசிரியர் ஒருவர், நேரம் ஒரு மணி. ஆளுக்கு இருபது நிமிடம் என்று பங்கிட்டுப் பார்த்தேன். ஒருவருக்குக் கற்பிக்கையில் மற்ற இருவரும் கூடத்தை அமர்க்களப்படுத்தினர். மூவரையும் ஒன்றாக அமர்த்தினால், ஐந்து வயதுத் தம்பியோடு அமர்ந்து அகரம் எழுதுவதா என்று மூத்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

இச்சிக்கலுக்கு நம் முன்னோர் விடை கண்டிருந்தனர். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வயதுக்கொரு வகுப்பு ஏது? சிறியவர் மணலில் விரலால் எழுதுவர். பெரியவர் ஓலை பிடிப்பர். வாத்தியாருக்கு அடுத்த இடத்தில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இருந்து இளையோருக்குப் பாடம் சொல்லுவான். சென்னை எழும்பூரில் 1789-இல் அனாதைச் சிறுவர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக அது 'சென்னை முறை' என்று இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணைச் சரக்கு கடல் கடந்து விலைபோயிற்று, நாமோ மறந்துவிட்டோம்.

எனவே மூத்தவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினேன். மறுநாள் தம்பிக்குச் சொல்ல வேண்டிய எழுத்துகளை முதல் நாள் இரவே அவள் என்னிடம் கற்றாக வேண்டும். கன்னட எழுத்தில் தேர்ந்தவளாகையால் மூன்றே வாரத்தில் உயிர்மெய் முழுவதும் கைவந்தது. கடைக்குட்டிக்குத் தாம்பாளத்தில் பரப்பிய அரிசி. நடுப்பிள்ளைக்கு உரக்கப் படிக்கும் வேலை. பாடம் மூவர்க்கும் ஒன்றே. பாட்டியின் அட்டைகளைக்காட்டிலும் சிறந்த பாடநூல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இணைய வசதியுள்ள அன்பர்கள், 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்களையும் பயன்படுத்தலாம்.

கன்னடம் கற்ற பிள்ளைகள் கேட்கும் முதல் வினா, "தங்கம் என்பதில் வரும் 'க'வுக்குத் தனி எழுத்து எங்கே?" என்பதாகும். கன்னடத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்று. கடல், பக்கம், தங்கம், பகல் என்னும் நான்கையும் எழுதிக் காட்டினேன். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வல்லோசை. மெல்லினத்தை அடுத்து வரின் மெலியும். இரண்டு உயிரோசைகளுக்கிடையே இழைந்து ஒலிக்கும். இடமே ஒலியைக் காட்டிவிடுவதால் தனி எழுத்து வேண்டுவதில்லை. நடுப்பிள்ளை இதனை ஒரு கணக்குப் புதிராகவே எடுத்துக்கொண்டு, செய்தித்தாளில் ககரம் ககரமாகச் சோதிக்கலானான்.

அதனினும் இன்பமான பாடம் தேவராஜ மார்க்கெட்டில் கிடைத்தது. பூக்கடையில் 'ஹூ' என்ற ஒலியைக் கேட்ட சிறியவன், "நம்ம பூவா?" என்றான். அவ்வளவுதான், வேட்டை தொடங்கிற்று. பால், ஹாலு, பத்து, ஹத்து, பல், ஹல்லு, புலி, ஹுலி. சொல்லின் முதலில் நின்ற பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று என்ற விதியை மூத்தவளே வகுத்துச் சொன்னாள். ஏழு, ஏளு, கோழி, கோளி, மழை, மளெ என்று அடுத்த பட்டியலும் எழுந்தது. பழங்கன்னடத்திலும் ழகரம் இருந்து பின்னர் மறைந்தது என்று நான் சொன்னபோது, ஓர் எழுத்து எப்படித் தொலைந்துபோகும் என்று சிறியவன் வியந்தான். ஒரு மொழி மற்றொன்றைக் கெடுக்கும் என்று அஞ்சும் பெற்றோர் இவ்வேட்டையை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும்.

இதே ஊரில் 1929-இல் பிறந்த ஏ. கே. ராமானுஜனின் இல்லத்தில், கீழ்த்தளத்தில் தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான தந்தையுடன் ஆங்கிலம், வெளியே கன்னடம் என்று வழங்கியதாக அவரே கூறியுள்ளார். அவர் பிற்காலத்தில் குறுந்தொகைப் பாடல்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்தில் தந்தமை யாவரும் அறிந்ததே.

பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே முழுக் கல்வியும் அளிக்கும் குடும்பங்களும் நாட்டில் உண்டு. 14 வயது நிரம்பியோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அத்துணைத் துணிவு எனக்கில்லை. மாலை ஒரு மணியே என்னால் இயன்றது. வாரத்தில் இரண்டு நாள் அதுவும் தவறிவிடுகிறது.

சென்ற மாதம் கடைக்குட்டி தானே ஓர் அட்டை எழுதினான். "பாட்டி, இங்கே மளை" என்றிருந்தது. நடுப்பிள்ளை திருத்த முற்பட்டான்; மூத்தவள் தடுத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் மறுமொழி வந்தது. "இங்கே மழை இல்லை" என்ற ஒரே வரி. அதில் ழகரம் மட்டும் பெரிதாக, இருமுறை அழுத்தி எழுதப்பட்டிருந்தது.