மீந்தவர்க்குரிய துறையா?

கணிதமும் உயிரியலும் கைகூடாதவர்க்கே வர்த்தகம் என்றோர் எண்ணம் நம் பாடசாலைகளில் வேரூன்றியுள்ளது. க. பொ. த. உயர்தரத்துக்குக் கணக்கீட்டை விரும்பி எடுக்கும் மாணவரையும், 'புள்ளி குறைந்துவிட்டதோ?' என்றே ஊரார் வினவுவர். இவ்வெண்ணம் பிழையானது என்பதே என் துணிபு.

இரட்டைப் பதிவு முறையை விளக்கி முதன்முதலில் அச்சேறிய நூல் 1494இல் வெனிசில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் லூக்கா பச்சியோலி ஒரு துறவி, கணிதம் போதித்தவர். வணிகர் கையாண்ட அம்முறையை அவர் தம் கணித நூலின் ஒரு பகுதியாகவே அமைத்தார். கணித நூலிலே இடம்பெற்ற கலையைக் கணிதம் வராதவர்க்கென ஒதுக்குதல் பொருந்துமோ?

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் பற்று, வரவு என இருபக்கமும் பதியப்பெறும். இரண்டும் சமப்படல் வேண்டும். ஆயினும், சமப்பட்ட கணக்கெல்லாம் மெய்க்கணக்கு அன்று. இல்லாத சரக்கை இருப்பாகக் காட்டினும் ஐந்தொகை சமப்படும். அதனை நம்பி ஆயுட்காலச் சேமிப்பை முதலிடுவோருள் ஓய்வூதியரும் உளர். அவர்தம் கண்ணாக நிற்பவர் கணக்காய்வாளர். பண்டகசாலையில் சரக்கை நேரிற் சரிபார்ப்பதும், பொய் கண்டவிடத்து அதனைத் தம் அறிக்கையில் அஞ்சாது உரைப்பதும் அவர் கடன்.

1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளும் பயிற்சியும் பல்லாண்டு உழைப்பை வேண்டுவன. மீந்தவர் எளிதிற் புகும் வாயில் அன்று அது.

ஆதலின், எண்ணிலே தெளிவும் சொல்லிலே நேர்மையும் உடைய மாணவர் கணக்கீட்டை நாடினால், ஆசிரியர்களே, தடுக்க வேண்டா. அத்தகையோரையே அத்துறை வேண்டி நிற்கின்றது.