உப்பு விலகிய ஆறு

உச்சிவெயிலில் முழங்கால் அளவு வாய்க்கால் தண்ணீரில் நின்று ஒரு பெண் துணி துவைக்கிறாள். மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆற்றங்கரை ஊர்களில் அன்றாடம் காணும் காட்சி. அவள் காலைச் சுற்றி, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாத இளம்புழுக்கள் கவட்டை வாலை அடித்து நீந்திக்கொண்டிருக்கலாம். தோலில் புண்ணோ கீறலோ இருக்க வேண்டியதில்லை. சில நிமிடங்களில் துளைத்து, வாலைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடும்.

பில்ஹார்சியா நோய் தொடங்குவது இப்படித்தான். 1851-இல் கெய்ரோவில் இந்த வகைப் புழுவை முதலில் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸின் பெயரே நோய்க்கு நிலைத்தது.

ஆண் புழுவின் உடலில் நீளவாக்கில் ஒரு மடிப்பு உண்டு. பெண் புழு அதற்குள்ளேயே குடியிருக்கும். குடல் பில்ஹார்சியாவில், குடலை ஒட்டிய இரத்தக் குழாயில் இந்த ஜோடி ஆண்டுக்கணக்கில் வாழும். ஆளை உருக்குலைப்பது புழுவைவிட அதன் முட்டைதான். முட்டையின் பக்கவாட்டில் ஒரு முள் இருக்கும். மலத்தோடு வெளியேறாத முட்டைகள் குடற்சுவரிலும் கல்லீரலிலும் சிக்கிக்கொள்ளும். அவற்றைச் சுற்றித் தழும்பு கட்டும்; நாளடைவில் கல்லீரல் இறுகி வயிறு வீங்கும்.

வெளியேறிய முட்டை தண்ணீரில் பொரியும். அந்தக் குஞ்சு சில மணி நேரத்துக்குள் குறிப்பிட்ட இன நத்தை ஒன்றுக்குள் நுழைந்தாக வேண்டும், இல்லையேல் செத்துப்போகும். நுழைந்துவிட்டாலோ, ஒன்று ஆயிரக்கணக்கான இளம்புழுக்களாகப் பெருகி, வெயில் ஏறும் வேளையில் நீரில் இறங்கும்.

கோடையில் கடல்நீர் செனகல் ஆற்றுக்குள் ஏறுவதைத் தடுக்க 1986-இல் டயாமா அணை எழுந்தது. பாசனத்துக்கு நல்ல தண்ணீர் நின்றது. ஆனால் உப்பு விலகியதும் நத்தை பெருகியது. நத்தையைத் தின்னும் ஆற்று இறாலோ, இனம்பெருக்கக் கழிமுகத்து உப்புநீருக்குப் போயாக வேண்டும். அதன் வழியை அணை அடைத்துவிட்டது. 1988-இல் ரிஷார் டோல் என்ற கரும்பு ஊரில் குடல் பில்ஹார்சியா தலைகாட்டியது. சில ஆண்டுகளிலேயே அங்கே பெரும்பாலோரைப் பிடித்துக்கொண்டது.

மருந்து இருக்கிறது: பிராசிகுவான்டல் மாத்திரை. வளர்ந்த புழுவைக் கொல்லும். ஆனால் மறுநாள் வாய்க்காலில் இறங்கினால் திரும்பத் தொற்றும். இறங்காதே என்று துணி துவைக்கும் அந்தப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? துவைக்க வேறு தண்ணீர் கொடுத்தோமா?

லாம்ப்சார் என்ற கிராமத்தில் ஆய்வாளர்கள் வேறு வழி பார்த்தார்கள். மக்கள் இறங்கும் துறையில் வலை கட்டி, காணாமற்போன இறாலை அதற்குள் விட்டார்கள். நத்தை குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் திரும்பத் தொற்றுவதும் குறைந்தது.