தரைத்தொட்டியும் மோட்டாரும்: பருவந்தோறும் செய்யவேண்டிய சோதனை

சாத்தான்குளம் வட்டாரத்தில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால், அது பெரும்பாலும் தண்ணீர்ப் பற்றாக்குறையைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். செம்மணல் தேரிகளை அடுத்துள்ள இப்பகுதியில் ஒரு குடம் நீரின் அருமையை அறியாதார் இல்லை. தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009-இல் தொடங்கப்பட்டதும், ஆற்றின் உபரி வெள்ளத்தை இவ்வறண்ட நிலத்திற்குக் கொணரும் நோக்கத்தினாலேயே ஆகும்.

ஆயினும், வறண்ட சீமைக்கு வெள்ளம் வாராது என்று எண்ணியிருத்தல் தவறு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறந்த வேளையிலே, தூத்துக்குடி மாவட்டம் முன்னொருபோதும் காணாத பெருமழையைக் கண்டது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், திருவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. இம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைக் காட்டிலும் காயல்பட்டினத்தின் ஒரு நாள் மழை மிகுதியாகும்.

இத்தகைய வெள்ளத்தில் முதலில் கெடுவது, ‘சம்பு’ என்று மக்கள் வழங்கும் தரைத்தொட்டி நீரே. மூடி வழியே சேற்று நீர் புகுகிறது. அருகிலுள்ள மோட்டார் மூழ்குகிறது. சுற்றிலும் வெள்ளமிருந்தும் குடிக்க நீரின்றிக் குடும்பம் தவிக்கிறது. இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பருவந்தோறும் அரைநாள் உழைப்பும் சிறிது கவனமும் போதும்.

மோட்டாரின் வலிமையும் எல்லையும்

மோட்டார் இருக்கும்போது வெள்ளத்திற்கு அஞ்சுவானேன் என்று சிலர் கேட்கலாம். இதற்கு ஒரு சிறு கணக்கே விடையளிக்கும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். 95 சென்டிமீட்டர் பெய்தால் 95,000 லிட்டர். நிமிடத்திற்கு 50 லிட்டர் இறைக்கும் மோட்டார், இக்கூரை நீரை மட்டும் வெளியேற்ற ஏறத்தாழ 32 மணி நேரம் ஓயாது ஓட வேண்டும். முற்றத்து நீரும் தெருவில் வரும் நீரும் இக்கணக்கில் சேரா.

ஆகவே, நீர் தானே வடிந்தோட வழி செய்வதே முதற்கடமை. வடிகாலும் ஓடையும் மடையும் கலுங்கும் செப்பமாயிருந்தால், எஞ்சித் தேங்கும் நீரை இறைப்பதற்கு மோட்டார் உதவும். வடிகாலைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு மோட்டாரை நம்பியிருப்பது, கரையை உடையவிட்டுக் கையால் அணைப்பதற்கு ஒப்பாகும்.

இறைக்கும் திறனை அளத்தல்

மோட்டார் ஓசையெழுப்பி ஓடுவதைக் கண்டு, அது நலமாயிருக்கிறது என்று முடிவு செய்யலாகாது. எவ்வளவு நீர் இறைக்கிறது என்பதே கேள்வி. இதனை எவரும் எளிதில் அளக்கலாம். தொட்டிக்குள் நீர் வரும் குழாயை முதலில் அடைத்துவிட வேண்டும். பின்பு ஒரு நேரான கம்பால் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மோட்டாரை ஓட்டி, மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

தொட்டி 2 மீட்டர் நீளமும் 1½ மீட்டர் அகலமும் உடையதாயின், 10 சென்டிமீட்டர் நீர் என்பது 300 லிட்டராகும். அது 6 நிமிடத்தில் இறங்கினால் நிமிடத்திற்கு 50 லிட்டர். அடுத்த பருவத்தில் அதே அளவு இறங்க 8 நிமிடம் ஆனால், திறனில் நாலிலொரு பங்கு குறைந்துவிட்டது என்று பொருள். தேதியோடு இதனை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், மோட்டார் அடியோடு நின்றுபோகுமுன்பே அதன் நோயை அறியலாம்.

புரட்டாசியில் செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வலுக்கும். ஆகையால் புரட்டாசித் திங்களே சோதனைக்கு ஏற்ற காலம். ஆனி, ஆடி மாதங்களில் வீசிய பெருங்காற்று தேரி மணலை வாரிக்கொணர்ந்து தொட்டியிலும் மோட்டார் அறையிலும் நிரப்பியிருக்கும். இம்மணல் இம்பெல்லரைத் தேய்க்கும். புட்வால்வின் வாயில் சிக்கி அதனைச் சரிவர மூடவொட்டாது தடுக்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றினால் கம்பி முனைகளும் திருகாணிகளும் அரிக்கப்படும். ஆதலின், மெயின் சுவிட்சை அணைத்து, பியூசையும் எடுத்துவிட்ட பின்னர், கீழ்க்கண்டவற்றை முறையாகப் பார்க்க வேண்டும்.

1. தொட்டியின் அடியில் தங்கிய மணலையும் வண்டலையும் அகற்ற வேண்டும். புட்வால்வு தரையைத் தொடாது சற்று உயர்ந்திருத்தல் நன்று. இல்லையேல் அடி வண்டல் குழாய்க்குள் ஏறும்.

2. மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அது தடையின்றிச் சுழல வேண்டும். இறுகியிருந்தால் துருவோ மணலோ பிடித்திருக்கிறது. அந்நிலையில் மின்சாரம் கொடுத்தால் சுருள் எரிந்துபோகும்.

3. உறிஞ்சு குழாயின் இணைப்புகளை நோக்க வேண்டும். மயிரிழை போன்ற வெடிப்பும் காற்றை உள்ளே விட்டு, நீர் ஏறாமற் செய்துவிடும்.

4. புட்வால்வைச் சோதிக்க, மோட்டாரை ஓட்டி நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஓட்டலாம். உடனே நீர் வந்தால் வால்வு நன்றாயுள்ளது. மறுபடியும் நீரூற்றி நிரப்ப வேண்டியிருந்தால் வால்வு கசிகிறது என்பது தெளிவு.

5. மோட்டார் சுழலாமல் உறுமினால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். கெப்பாசிட்டர் பழுதோ குறைந்த மின்னழுத்தமோ காரணமாயிருக்கலாம். நீரின்றி வெறுமனே ஓடவிடுவதும் கேடு. நீரே அதன் உட்பாகங்களைக் குளிர்விக்கிறது.

6. தொட்டியின் விளிம்பைத் தரைமட்டத்திற்கு மேல் கட்டி உயர்த்தி, இறுக்கமான மூடியிட வேண்டும். மோட்டாரையும் சுவிட்சுப் பலகையையும், ஊரில் முன்பு வெள்ளம் நின்ற அடையாளத்திற்கு மேலே அமைத்தல் நலம். எனினும் சாதாரண மோட்டார் ஏறத்தாழ 6 அல்லது 7 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்சும் என்பதை மறவாது உயரத்தை நிர்ணயிக்க வேண்டும்.

மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறையும், நீர்மட்டம் தாழும் சித்திரையில் ஒரு முறையும் இச்சோதனையைத் திரும்பச் செய்தல் சிறந்தது.

உயிர்க்காப்பு முதன்மையானது

நீரும் மின்சாரமும் சேருமிடத்தில் அசட்டைக்கு இடமில்லை. எர்த்துக் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்பதை அனுபவமுள்ள மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ‘டிரிப்பர்’ கருவியை, 30 மில்லி ஆம்பியர் அளவுடையதாக வாங்கிப் பொருத்துவது அவசியம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும். தேங்கிய நீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடுவதும், ஒட்டுப்போட்ட வயரை நீரில் இழுத்துச் செல்வதும் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நெடுநாள் மூடிக்கிடந்த தொட்டியில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். உள்ளே மயங்கி வீழ்ந்தவரைக் காக்க இறங்கியவரும் மாண்ட துயரங்கள் பல. ஆகவே மூடியை நெடுநேரம் திறந்து வைத்து, காற்றாடி கொண்டு புதுக்காற்றைச் செலுத்திய பின்பே, இடுப்பில் கயிறு கட்டி, வெளியே ஆள் நிறுத்தி, ஒருவர் இறங்க வேண்டும். எண்ணெய் எஞ்சின் பம்பை மூடிய அறையிலோ தொட்டிக்குள்ளோ ஓட்டலாகாது. அதன் புகை நஞ்சு.

வெள்ளம் வடிந்த பிறகு

மூழ்கிய மோட்டாரை உடனே ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். நல்ல நீரால் சேற்றைக் கழுவி, பிரித்து உலர்த்தி, மின்பணியாளர் மெக்கர் கருவியால் காப்புத்திறனை அளந்து, குறைந்தது ஒரு மெகாஓம் இருக்கக் கண்ட பின்பே மின்சாரம் கொடுக்கலாம்.

தொட்டி நீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, சுவர்களைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் நீர் நிரப்ப வேண்டும். 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் ஊற்றி, 12 மணி நேரம் வைத்திருந்து அந்நீரையும் வெளியேற்ற வேண்டும். அதன்பின் நிரப்பும் குடிநீருக்கு 1,000 லிட்டருக்கு 2½ கிராம் போதும். அரைமணி கழித்தே அதனைப் பயன்படுத்தலாம். ஐயமிருக்கும் நாட்களில் காய்ச்சிக் குடித்தலே பாதுகாப்பு.

பஞ்சாயத்தின் பங்கு

தனி வீட்டின் அக்கறை மட்டும் போதாது. ஒருவர் இறைத்துவிடும் நீர் அடுத்தவர் முற்றத்தில் நின்றால் பயனென்ன? எந்தத் தெருவின் நீர் எந்த ஓடை வழியே எந்தக் குளத்திற்குச் செல்ல வேண்டும் என்பதைப் பஞ்சாயத்து முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். இவ்வாறு செல்லும் மழைநீர் கோடையில் கிணறுகளுக்கு ஊற்றாக மாறும். சாத்தான்குளம் போன்ற வட்டாரத்தில் அதனை வீணே கடலுக்கு விடுவதற்கில்லை.

அக்டோபர் 2-ஆம் நாள் நடைபெறும் கிராமசபைக் கூட்டம் புரட்டாசியிலேயே அமைவது நல்வாய்ப்பாகும். பொதுத் தொட்டிகள், மோட்டார்கள் ஆகியவற்றின் சோதனைக் குறிப்பை அன்று மக்கள் முன் படிக்கலாம். பெருவெள்ள நாளில் மின்சாரம் நின்றுபோகும். ஆகவே பொதுவில் ஓர் எண்ணெய் எஞ்சின் பம்பையும், உரிய குழாயையும், உதிரியாகப் புட்வால்வையும் வைத்திருந்து, மாதம் ஒரு முறை எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதனை இயக்கத் தெரிந்தவர் ஊரில் இருவரேனும் இருத்தல் வேண்டும்; ஒருவர் வெளியூர் சென்றிருப்பினும் மற்றவர் உதவுவார்.

முற்காலத்தில் மழைக்கு முன் ஏரிக் கரையைப் பார்ப்பதும், கமலைக் கயிற்றையும் சாலையும் செப்பனிடுவதும் ஊர் வழக்கமாயிருந்தன. பாபநாசம் மின்நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கிய பின்னர் நெல்லைச் சீமையின் கிணறுகளுக்கு மெல்ல மெல்ல மோட்டார் வந்தது. கருவி மாறியதேயன்றிக் கடமை மாறவில்லை. மேகம் திரளுமுன் கருவியைச் சோதித்து வைக்கும் ஊரில் வெள்ள நாளிலும் குடிநீர் கெடாது. கோடையிலும் தொட்டி வறளாது. விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் வரும் புரட்டாசியிலேயே இப்பணியைத் தொடங்குவார்களாக.