பவர் மீட்டர் இருந்தால் ஸ்பீடு சென்சார் வேண்டுமா?

சைக்கிளுக்குப் பவர் மீட்டர் வாங்கப் போனால், ஸ்பீடு சென்சாரையும் சேர்த்து வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. பவர் மீட்டர் வந்துவிட்டால் அது வீண் என்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. கிராங்கிலோ பெடலிலோ பொருத்தும் பவர் மீட்டர், மிதிக்கும்போது உலோகம் மிக நுண்ணிய அளவில் வளைவதை அளந்து, அதிலிருந்து முறுக்கு விசையைக் கணக்கிடுகிறது. அதைக் கிராங்க் சுழலும் வேகத்தோடு (கேடன்ஸ்) பெருக்கினால் வாட் வந்துவிடும். சக்கரத்தின் வேகத்துக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. கேடன்ஸையும் பெரும்பாலான மீட்டர்கள் தாமே தந்துவிடுவதால், ஸ்பீடு, கேடன்ஸ் இரண்டையும் ஜோடியாக விற்கும்போது அதில் பாதி வீண் செலவு. பின்சக்கர ஹப்பில் பொருத்தும் மீட்டரோ சக்கர வேகத்தையும் சேர்த்தே அளந்துவிடும்.

ஆக, சென்சார் வேண்டுமா என்பதை நீங்கள் ஓட்டும் இடம்தான் முடிவு செய்கிறது. திறந்த நெடுஞ்சாலையில் ஜி.பி.எஸ். போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது தடுமாறும். புள்ளிக்குப் புள்ளி நேர்க்கோடு போடுவதால் வளைவை வெட்டி, தூரத்தைக் குறைத்துக் காட்டும். அடர்ந்த மரநிழலிலும் சுரங்கப்பாதையிலும் இதே சிக்கல்தான். வீட்டுக்குள் சாதாரண டிரெயினரில் ஓட்டினால் ஜி.பி.எஸ். வேகம் பூஜ்யம்தான். அங்கே சென்சார் வேண்டும். அதுவும் பின்சக்கர ஹப்பில். காற்றுத் தடையைச் சோதிப்பவர்களுக்கு அது இன்னும் முக்கியம். காற்றை எதிர்க்கச் செலவாகும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், வேகத்தில் 1 சதவீதம் பிழை சக்தியில் சுமார் 3 சதவீதமாகிவிடும்.

விலை குறைவுதானே, வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஆனால் சக்கரச் சுற்றளவைத் தப்பாகப் பதிந்தால் சென்சாரும் தப்பாகத்தான் சொல்லும். 25 மி.மீ. டயருக்குச் சுமார் 2,105 மி.மீ., 28 மி.மீ. டயருக்குச் சுமார் 2,136 மி.மீ.; டயரை மாற்றிவிட்டு எண்ணை மாற்றாவிட்டால் 100 கி.மீ.க்கு ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. பிசகும். பல சென்சார்களில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடக்கூடியது அது; விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஸ்பீடு சென்சார் இல்லாமல் பவர் மீட்டர் வேலை செய்யாது என்று பொய் சொல்லி விற்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.